மருதமுத்துவின் பல்வேர்

நேற்று அந்தப் பல்வேர்ச் சீவலைப் பத்திரிகைமேல் வைத்தபோது அடியிலிருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. இன்று முடியவில்லை; சீவல் தடித்திருந்தது. பல் டாக்டர் சேதுபதிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எவனோ கை வைத்திருக்கிறான். ஆனால் காஜா பெராங்கில் இருந்த அந்தப் பல் கிளினிக்கின் சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது.

வெளியே சாயங்கால மழை. மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய கொடித்தோரணம் நனைந்து சுவரில் சப்புச் சப்பென்று அடித்துக்கொண்டிருக்க, கிராம்புத் தைலத்தின் வாடையையும் மீறி, எங்கிருந்தோ எலும்பு கருகும் நாற்றம் மெல்ல மெல்ல அறைக்குள் பரவியது.

அந்தப் பல் புக்கிட் ரம்பாய் ஊர்க்காரர் மருதமுத்துவுடையது. பிடுங்கியதுமே மனிதர் பல்லைத் திருப்பிக் கேட்டார். உடம்பைவிட்டுப் போன பல்லைப் பத்திரப்படுத்தி, செத்தபின் சாம்பலோடு சேர்த்துக் கடலில் கரைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். என்ன கண்றாவி வழக்கம்! மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க இவ்வளவு நீளமான, கீறல் விழாத வேர் லேசில் கிடைக்குமா? குப்பையில் போட்டாயிற்று என்று சேதுபதி கூசாமல் பொய் சொன்னார். பிறகு மருதமுத்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சேதுபதி வேரை அறுத்து, தண்ணீர் விட்டுக் கல்லில் தேய்த்து, வெங்காயத் தோலாக மெலிய வைத்தார்.

சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். வேரின் நடுத்துளையிலிருந்து விளிம்புவரை, தலைமயிரைவிட மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து ஓடின. உயிருள்ள பல்லில் அவற்றுக்குள் ஈரம் இருக்கும். காய்ந்த பல்லில் வெறும் காற்று, கறுப்பாகத் தெரியும். நேற்றுவரை கறுப்பாகத்தான் தெரிந்தன. இப்போது ஒவ்வொன்றாக வெளுத்தன. உள்ளே ஈரம் ஊறிக்கொண்டிருந்தது.

ஆறிய கோப்பியை ஒரு வாய் குடித்தார். பல்லெல்லாம் கூசியது. நேற்றுவரை இப்படிக் கூசியதில்லை.

கதவு தட்டப்பட்டது. வெளியே மருதமுத்துவின் மனைவி பொன்னம்மா. மறுபடியுமா! எத்தனை முறை விரட்டினாலும் வந்து நிற்கிறாள்.

"சாம்பல் இன்னும் சட்டியிலதான் இருக்கு, டாக்டர். பல்லக் குடுத்தீங்கன்னா கரைச்சிருவேன்."

"இல்லைன்னு சொல்லிட்டேன்ல? போம்மா."



"பொய் சொல்லாதீங்க. உள்ள தேய்க்கிற சத்தம் கேக்குது."

அவர் எதையும் தேய்க்கவில்லை. தேய்க்கும் கல் மேசைமேல் சும்மா கிடந்தது. ஆனாலும் கேட்டது. கர்... கர்... காதுக்கு வெளியே இல்லை. தாடைக்குள்.

கொடுத்துவிடலாம். கதவைத் திறந்து, இந்தாம்மா என்று நீட்டினால் போதும். அந்த நினைப்பே அவருக்கு வெறியேற்றியது. இந்தப் பொம்பளைக்குப் பயந்தா? சீவலைப் பிடுங்கிக் கல்லில் வைத்தார். விரலால் அழுத்தித் தேய்த்தார். கர். வாயில் சுரீரென்றது. கர். நாக்கில் மாவு. துப்பினார். வெள்ளை மாவு. விடவில்லை. இன்னும் அழுத்தினார். சீவல் தேயவில்லை. தடித்தது. விரலுக்கடியில் உருண்டது. முழு வேர். வெதுவெதுப்பாக. அடியில் ரத்தம்.

"டாக்டர்?"

போடி என்று கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி. பற்களை இறுகக் கடித்தபடி அதைப் பார்த்தார். வரிசை கலையாமல், வெங்காயத் தோலாக மெலிந்து, எல்லாப் பற்களும் இருந்தன. கடித்த பற்களின் வழியே அவருடைய நாக்கு தெரிந்தது.

கர்.