மியூட் செய்யப்பட்டவள்

ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கணினித் திரையில் ஐந்து கட்டங்கள், ஐந்து முகங்கள். எல்லோரும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள். அவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்வது ஆய்வாளரின் வேலை. அதில் அவள் கைதேர்ந்தவள். பேசுகிறவர் அறையில் தனியாக இருக்க வேண்டும், கதவைத் தாழிட வேண்டும் என்பது அவள் போட்ட விதி.

"பாப்பா, அம்மா முடிக்கிற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது," என்று பக்கத்து அறையில் மகளை அதட்டிவிட்டு வந்து ஹெட்போனை மாட்டினாள்.

பச்சைத் திரைச்சீலைக்கு முன்னால் இருந்தவள்தான் தலைவலி. மகள் கூப்பிட்டது தன் காதில் விழாமல் போனதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

"கொஞ்சம் இருங்கம்மா, மத்தவங்களும் பேசட்டும்."

நிறுத்தவில்லை. ஆய்வாளர் அலுத்துப்போய் அவளை மியூட்டில் போட்டாள். வாய் மட்டும் அசைந்தது. பிறகு நெஞ்சைப் பிடித்தாள், கையை நீட்டினாள். மற்றவர்கள் தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஆய்வாளர் கண்டும் காணாமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.

முடியும்போது அந்தக் கட்டத்தில் திரைச்சீலை மட்டும் இருந்தது.

மாலையில் அந்தப் பெண்ணின் தம்பி ஆய்வாளருக்குப் போன் செய்தான். "அக்கா போயிட்டாங்க. கதவ உடைக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. வெளிய நின்ன எங்களுக்கே அவங்க கத்தினது கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

"சத்தமே வரலையே," என்றாள். அதில் பொய்யும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் நான்கு கட்டங்கள் இருக்க வேண்டும்.

ஐந்து இருந்தன.

பச்சைத் திரைச்சீலை. அசையும் வாய். சிவப்பு மியூட் குறி.

ஆய்வாளர் அவளை வெளியேற்றினாள். மறுபடி வந்தாள், இன்னும் நெருக்கமாக.

"அந்தப் பச்சைத் திரை... யாருக்காவது தெரியுதா?"

"எங்க மேடம்? நாங்க நாலு பேருதானே இருக்கோம்?"

அவசரமாகக் கூட்டத்தை முடித்தாள். மற்ற கட்டங்கள் மறைந்தன. அது மறையவில்லை. அதிலிருந்தவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

சிவப்புக் குறி அணைந்தது.

வீடு முழுக்க ஓசையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினாள். பொம்மைகளுக்கு நடுவே மகள் நின்றாள். முகமெல்லாம் கண்ணீர். வாய் திறந்து திறந்து மூடியது, தொண்டை புடைத்தது.

ஒரு சத்தமும் வரவில்லை.

"பாப்பா! பேசுடா! அம்மான்னு சொல்லு!"

மேஜையில் கிடந்த ஹெட்போனிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா, எவ்வளவு நேரமா கூப்பிடறேன். கேக்கலையா?"