நடத்துனர் இருக்கை

நறுமுகை இன்னும் "ரைட்" சொல்லவில்லை. அதனால் வண்டி கோவில்பட்டியை விட்டுக் கிளம்பவில்லை.

அந்தக் காலத்தில் கார்கள் எல்லாம் தன்னோட்டிகளாகிவிட்டன. ஓட்டுநருக்கு வேலை போய்விட்டது, ஆனால் நடத்துனருக்கு வேலை வந்திருந்தது. குழந்தை இருக்கிற வீட்டு வண்டிகளில் எல்லாம் நடத்துனர் இருக்கை இருந்தது. அதற்கு முன்பெல்லாம் பிள்ளைகளைப் பெல்ட்டில் பூட்டுவதற்குள் பெற்றவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். உடம்பை வில்லாக வளைத்து அவை போடும் கூச்சலில், "கொஞ்ச தூரந்தானே" என்று அம்மா மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். தன்னை மட்டும் கட்டிப்போடுகிறார்களே என்பதுதான் பிள்ளையின் கோபம் என்று யாரோ ஒரு புண்ணியவதி கண்டுபிடித்தாள். அந்த மூளையைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். எல்லோரையும் பார்த்தபடி நடுவில் ஓர் இருக்கை, கழுத்தில் ஒரு விசில். தன் பெல்ட்டைப் பூட்டினால்தான் பிள்ளைக்குப் பதவி. விசில் ஊதினால் பெரியவர்கள் பெல்ட் போட வேண்டும். அது பார்த்துத் திருப்திப்பட்டு "ரைட்" சொன்னால்தான் சக்கரம் உருளும். பிள்ளைகள் இப்போது ஓடிப்போய் உட்கார்ந்து தாங்களே பூட்டிக்கொள்கின்றன.

"அம்மா போடல," என்றாள் இரண்டரை வயது நறுமுகை.

"போட்டுட்டேன்லா செல்லம், சத்தம் கேட்டுச்சுல்லா?" என்றாள் தாரகை.

சத்தம் கேட்டது உண்மைதான். பட்டுப்புடவை கசங்கிவிடும் என்று பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டியிருந்தாள். இயந்திரத்தை ஏமாற்றுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. வண்டியும் நம்பிவிட்டது.

"முன்னாடி இல்ல," என்றாள் மகள்.

திருநெல்வேலிக் கல்யாண மண்டபத்திலிருந்து, மாப்பிள்ளையான தம்பி கிரிதரன் அழைத்தான். "எங்கக்கா இருக்க? ஐயர் உக்காந்தாச்சு. தாலில மூணாவது முடிச்சு நீதான போடணும்? பெரியப்பா மவளப் போடச் சொல்லவான்னு கேக்காவ."

தாரகைக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி. அந்த முடிச்சை இன்னொருத்தி போடுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கணவன் செந்தூரன் மிட்டாயை நீட்டிப் பார்த்தான். மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்ட நடத்துனர், மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டியது.

"சொன்னா கேக்காது, போட்டுத் தொலையேன்," என்றான் செந்தூரன்.

பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட்டைப் பட்டின் மேலே இழுத்து மாட்டினாள்.

"ரைட்," என்றாள் நறுமுகை.

கயத்தாறு தாண்டியதும் செம்மறிக் கூட்டம் ஒன்று சாலைக்குள் பாய்ந்தது. வண்டி உலுக்கிப்போட்டு நின்றது. தாரகையின் பக்கத்தில் இருந்த சீர்த்தட்டுத் தேங்காய் பறந்துபோய் முன்கண்ணாடியில் மோதிச் சிதறியது. பெல்ட் பிடித்த இடத்தில் தாரகைக்குத் தோள் வலித்தது. வேறொன்றும் ஆகவில்லை. தேங்காய் சிதறிய இடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேங்கா பெல்ட்டு போடல," என்றாள் நறுமுகை கண்டிப்பாக.

தாரகை மகளின் காலைப் பிடித்து முத்தமிட்டாள். அழுகையை அடக்க முடியவில்லை.

மண்டபத்துக்குள் ஓடியபோது கிரிதரன் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான். நெஞ்சுக்குக் குறுக்கே பட்டு சுருங்கிக் கிடந்ததைச் சித்திகள் பார்த்ததெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மூன்றாவது முடிச்சை இறுக்கிப் போட்டாள். போட்டுவிட்டு, தன்னையறியாமல் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பாவின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த நறுமுகை, கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஒரே ஊதாக ஊதினாள்.

மேளம் நின்றது. மண்டபத்தில் இருந்த அத்தனை பெரியவர்களின் கைகளும் தோளுக்குப் போய்ப் பெல்ட்டைத் தேடின. ஐயர் கையும்தான். அப்படியே எல்லோரும், ஒரு வார்த்தைக்காக அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.