பக்கத்து சீட்டின் தூசி

வெர்லின் ஹாகன் சுத்தியலை மறுபடி ஓங்கினார். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புத் தடம் 'ணங்'கென்று அலறியதே தவிர, சீட் ஒரு நூல்கூட நகரவில்லை. மணி மூன்றேகால். நான்கு மணிக்குக் காரை எடுத்துப்போக ரெனே வந்துவிடுவாள். அதற்குள் இந்தச் சீட் தடத்தில் ஐந்து பல் முன்னால் வந்தாக வேண்டும்.

மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தவர் அப்போதுதான் அதைப் பார்த்தார்.

எலிப்புழுக்கையும் பழைய வைக்கோலும் ஊறிய பெட்ரோலும் கலந்து நாறும் அந்தக் காருக்குள், ஸ்டியரிங் மேல், கியர்க் குமிழ் மேல், பின்சீட் மேல் என்று எங்கும் ஐம்பத்தோரு வருடத் தூசி மாவு சலித்ததுபோல் படிந்திருந்தது. பக்கத்து சீட்டில் மட்டும் இல்லை. யாரோ உட்காரப்போகிறவருக்காகத் துடைத்து வைத்ததுபோல் கருப்பு ரெக்ஸின் பளபளத்தது.

பூனையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். கார்க் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியே இருந்தன.

தொலைபேசியில் ரெனே சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்: "தூசியத் தொடச்சிடாதீங்க வெர்லின். கொட்டகைல கெடந்த காருக்கு அதுதான் பொறப்புச் சான்றிதழ். எதையும் தொடாதீங்க. கடைசியா யார் ஓட்டினா, எப்படி ஓட்டினா, எல்லாத்தையும் நான் கார்கிட்டயே கேட்டுப்பேன்."

பழைய கார்களைப் புதுப்பிப்பதைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறவள் அவள் என்பது, விலை பேசி முடித்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மார்லிஸ்கூட ஒன்று விடாமல் பார்க்கிறாளாம். மார்லிஸ், செத்துப்போன நண்பன் கர்ட்டிஸின் அக்கா. சர்ச்சில் இவருக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவள். தம்பி குடித்துவிட்டு ஓட்டிச் செத்தான் என்று ஊர் சொன்னதை ஐம்பத்தோரு வருடமாகத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பவள்.

எழுபத்துநாலு அக்டோபரில் கார் பள்ளத்தைத் தாண்டி மக்காச்சோளக் காட்டுக்குள் பாய்ந்தபோது இரண்டு பேரும் வெளியே வீசப்பட்டார்கள். வெர்லின் எழுந்தார். கர்ட்டிஸ் எழவில்லை. ஷெரீஃபிடம் வெர்லின் சொன்னது ஒரே வாக்கியம். மறு கேள்வி வரவில்லை. அப்பா டிராக்டரால் காரை இழுத்து வந்து இந்தக் கொட்டகையில் பூட்டினார்.

கர்ட்டிஸ் ஐந்தடி மூன்றங்குலம். வெர்லின் ஆறடி நாலு. சீட்டோ கடைசிப் பல்லில், துருவில் இறுகிக் கிடந்தது. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை. ரெனே கவனிப்பாள்.

வெளியே உறைந்த சரளைமேல் டயர்கள் நொறுநொறுத்தன. இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள்.

சுத்தியலை வைக்கோலுக்குள் செருகிவிட்டு, கார்க் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்குப் போனார். ரெனே பெரிய கோட்டுக்குள் புதைந்த சின்ன உருவம். நாற்பது வயதிருக்கும். கை குலுக்கினாள்.

"என்ன, மூச்சு வாங்குது? காரைப் பிரிய மனசில்லாம உள்ள உக்காந்து அழுதீங்களா?"

"குளிரு. வேற ஒண்ணுமில்ல."

"அயோவாவுல பொறந்துட்டு குளிருங்கறீங்க. வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க."

செல்போனில் படம் பிடித்துக்கொண்டே காரைச் சுற்றினாள். நசுங்கிய மட்கார்டைத் தடவினாள். ஓட்டுநர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். வெர்லின் கண்களை மூடிக்கொண்டார்.

"அட, எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு."

கண்களைத் திறந்தார். அவளுடைய பூட்ஸ் இரண்டும் பெடல்கள்மேல் சுகமாகப் படிந்திருந்தன.

"நீங்க அனுப்புன போட்டோல சீட் கடைசில இருந்துச்சே? துருப்புடிச்ச தடத்த இளக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். கெட்டிக்காரர்தான்."

சுத்தியலைச் செருகிய வைக்கோலை அவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் செல்போனை அவர் பக்கம் திருப்பினாள். "சரி, சொல்லுங்க. கடைசியா இதை ஓட்டினது யாரு?"

இப்போது சொல்லிவிடலாம். மார்லிஸ் கேட்பாள். தம்பி பெயரின்மேல் அப்பிய சேற்றைத் தன் கையால் துடைத்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"கர்ட்டிஸ்," என்றார். "கர்ட்டிஸ்தான் ஓட்டினான்."

காருக்குள் எங்கோ ஒரு கம்பிச்சுருள் பெருமூச்சு விட்டது. ரெனே இருக்கையைத் தட்டிச் சிரித்தாள்.

"ஸ்பிரிங்கெல்லாம் போச்சு. இருங்க, டிரெய்லரை வாசலுக்குக் கொண்டாந்து வடத்தை மாட்டறேன். இழுக்கும்போது நீங்க உள்ள ஏறி ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கங்க."

அவள் போய்விட்டாள்.

வெர்லின் ஓட்டுநர் பக்கம் குனிந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. மடக்கினார். நுழையவில்லை. இரண்டு கையாலும் சீட்டைப் பின்னால் தள்ளினார். அசையவில்லை. யாரோ உட்கார்ந்திருக்கும் கனம்.

காலை வெளியே எடுத்தார்.

க்ளக்.

பக்கத்து சீட் ஒரு பல் பின்னால் போனது.

க்ளக்.

வெளியே டிரெய்லர் பின்னோக்கி வரும் ஓசை. கூப்பிட வேண்டும்.

க்ளக். க்ளக். க்ளக்.

கடைசிப் பல். ஆறடி நாலு அங்குலம் உட்கார வசதியான தூரம். அந்தப் பக்கத்துக் கதவு, துருவே பிடிக்காததுபோல், சத்தமின்றி அகலத் திறந்தது.

அந்த இரவு இந்தக் கதவுக்கு அருகில் நின்றுதான் கர்ட்டிஸ் கை நீட்டியிருந்தான். "நீ ரொம்பக் குடிச்சிருக்கேடா. சாவியக் குடு, நான் ஓட்டறேன்."

வெர்லின் சாவியை அவன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆட்டிவிட்டு, தானே ஓட்டுநர் சீட்டில் ஏறினான். "போடா குட்டையா. உனக்குப் பெடல் எட்டாது."

காலியான ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே, தூசிக்குள், கிளட்ச் பெடல் மெல்ல மெல்லத் தரைவரை அமுங்கியது.