அடங்கிவிட்ட கிருமி

விளக்கு வைத்த பிறகு கோமதேஷ் சோறு கேட்டான்.

யாழினிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத சமண வீடு அது. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில், காய்ச்சலில் கிடந்த நாளில்கூட அவன் இருட்டியபின் ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை. இன்றும் ஐந்தரைக்கே பரிமாறினாள். பாதியில் எழுந்து போய்விட்டான்.

"இன்னாங்க, மணி ஏழாவுது."

"ஏழு மணிக்குக் காலையில யாருமே சாப்பிடறது இல்லியா?"

விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. வெளியே மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகும் சிறப்பு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு செஞ்சியைத் தாண்டிக்கொண்டிருந்தன, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, மின்விசிறி கடகடவென்று பழைய காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளியது, அந்தக் காற்றில் கனிந்து அழுகிய பழமும் காயாத துணியும் கலந்தது போல ஒரு தித்திப்பு வாடை இருந்தது. காலையிலிருந்து அதைத் தேடிக் கூடையைக் கவிழ்த்தாள், குளியலறையைக் கழுவினாள். இப்போது அவன் பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, வாடை அவன் வாயிலிருந்து வருகிறது.

"போன வாரம் விதைக்கடையில வெயில்ல நின்ன அசதிதான். மூணு நாளா பகல்ல தூங்கறான், ராத்திரி முழிச்சிருக்கான். தூக்கம் கெட்டா இப்டிதான் பெனாத்துவான்," என்றார் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் ஜெயந்தி.

"அந்த மஞ்சக்காமாலை கிருமியா இருக்குமோ அத்த?"

"எனக்கும் அதே கிருமிதான் இருக்குது. அறுபத்தெட்டு வயசாவுது. ஒரு மாத்திர போட்டிருப்பனா? சும்மா டென்சன் ஆவாத."

உண்மைதான். நாலு வருடம் முன்பு ரத்ததான முகாமில் அவனுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்து, வீட்டில் எல்லோரையும் சோதித்தபோது மாமியாருக்கும் இருந்தது. பிரசவத்தில் மகனுக்கு வந்தது என்றார்கள். அவருக்கு மருந்து வேண்டாம், இவன் மட்டும் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும் என்றார்கள். பொங்கலுக்கு அவனாகவே ஒரு லேபில் சோதித்து வந்து, 'இ ஆன்டிஜென் நெகட்டிவ்' என்ற காகிதத்தைக் காட்டினான். "கிருமி அடங்கிடுச்சு." அன்று யாழினி பாயசம் வைத்தாள்.

அலமாரியைத் திறந்தாள். மாத்திரை டப்பாக்கள் ஐந்து. ஒன்றில்கூட சீல் உடைக்கவில்லை.

அவனுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த விழுப்புரம் டாக்டர் வளர்மதியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"நெகட்டிவ்னு வந்துது மேடம். அதான் நிறுத்திட்டாரு போல."

"அது போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. அந்த வைரஸ் நகல் எடுக்க எடுக்க மாறிக்கிட்டே இருக்கும். அவருக்குள்ள இருக்கறது இ ஆன்டிஜென்ங்கிற அந்த ஒரு அடையாளத்த வெளிய விடாத மாதிரி மாறியிருக்கு. அந்த டெஸ்ட்ல சிக்காது. ஈரலைத் தின்னுக்கிட்டேதான் இருக்கும்."

"அத்தைக்கும் அதானே..."

"அவங்ககிட்ட இருந்து வந்ததுதான். இப்ப இது அது இல்ல. கண்ணு மஞ்சளா இருக்கா?"

பல்பு வெளிச்சம் என்று மூன்று நாளாக நினைத்திருந்தாள். டார்ச்சை அடித்துப் பார்த்தாள். விழியில் வெள்ளையே இல்லை.

"இருக்குது மேடம்."

"உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. நேரமே இல்ல."

இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டாள். வண்டி அமாவாசைக் கூட்டத்தில் நிற்கிறது, வந்து சேர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். நான் ஏன் அந்த டப்பாவை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை?

"யாழினி, ரெண்டு கையையும் முன்னால நீட்டி, மணிக்கட்ட மேல மடக்கச் சொல்லுங்க. ஆடுதான்னு பாருங்க. ஈரல் கெட்டு விஷம் மூளைக்கு ஏறியிருந்தா ஆடும்."

அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"கைய நீட்டுங்க."

நீட்டினான்.

"வண்டிய நிறுத்தற மாதிரி மடக்குங்க."

மடக்கினான். உள்ளங்கைகள் அவளைப் பார்த்து நின்றன. ஒரு நொடி.

விழுந்தன. எழுந்தன. மறுபடி விழுந்தன. விரல்கள் மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே. யாரையோ வா வா என்பது போல.

"போதும். இறக்குங்க."

இறக்கவில்லை. கண் திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை.

"ஆடுதா? யாழினி? ஆடுதா?"

ஜெயந்தி திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்னத்தான் கூப்புடறான் பாரு."

புடவையை வைத்துவிட்டு எழுந்தார். முழங்கால் வலிகூட இல்லாத திடமான உடம்பு. விறுவிறுவென்று வந்து மகனுக்கு எதிரில் உட்கார்ந்து, அவன் முகத்தைக் கையில் ஏந்தித் தன் பக்கம் திருப்பினார்.

"வந்துட்டேன்டா கோமு. சொல்லு."

அந்தக் கைகள் அவருடைய தோள்களுக்கு மேலாக, கூப்பிட்டுக்கொண்டே இருந்தன.