விசைப்பலகையில் இன்னொரு கை

தம்பி தட்டியதில் அன்றைக்கு ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது. கோழி குப்பையைக் கிளறுவது மாதிரி ஒற்றை விரலால் தட்டுகிறவன் அவன். நாலு எழுத்து அடித்தால் மூன்றை அழிப்பான். அன்றோ திரையில் எழுத்துகள் ஒரே சீராக, நிதானமாக வந்துகொண்டிருந்தன.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சர்வர் கணினியை அவள் வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்கிறாள். லினக்ஸ் இயங்குதளம் தொடங்கிப் புத்தகத் தேடல் வரை அதில் ஓடுவதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள். "சும்மா கிடைச்சது சும்மா இருக்குமாக்கா?" என்று தம்பி கேலி செய்வான். பழுதான டிஸ்க்கை மாற்ற மட்டும் ஒருவர் நேரில் போயாக வேண்டும், அதற்கு அவன்தான். கீழே போனுக்கு சிக்னல் எடுக்காது என்பதால் அவள் வீட்டிலிருந்தும் அவன் அங்கே சர்வரின் விசைப்பலகையிலிருந்தும் ஒரே திரையில் இணைந்து, அதிலேயே தட்டிப் பேசிக்கொள்வார்கள். வரிக்கு முன்னால் # போட்டுவிட்டால் கணினி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது.

விடுமுறை நாள் மத்தியானம். வெளியே விடாத மழை, அறைக்குள் காயாத துணியின் வாடை, தலைக்கு மேல் மின்விசிறியின் கிரீச் கிரீச். அவள் தட்டினாள்.

# டிஸ்க் மாட்டிட்டியா?

# மாட்டியாச்சு.

# அப்புறம் ஏன் அங்கயே நிக்கிற? கிளம்பு.

# இங்க இருட்டா இருக்கு.

இவனுக்கு எப்போதும் விளையாட்டுதான் என்று எரிச்சலோடு நினைத்தபோது போன் அடித்தது. தம்பி.

"அக்கா, கோவிச்சுக்காத. பஸ் மழையில மாட்டிக்கிச்சு. இப்பதான் வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கினேன்."

அவள் திரையைத் திரும்பப் பார்த்தாள். "எங்கடா இருக்க?"

"படியில இறங்கிட்டிருக்கேன். லைன் போயிடும், ஸ்கிரீன்ல பேசு."

"இறங்காத. டேய், நில்லு..."

இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை.

திரையில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று, பூட்டிய அந்த அறைக்குள் சர்வரிலேயே செருகியிருக்கும் விசைப்பலகை.

# தம்பி, உள்ள வராத

கடைசி எழுத்து மறைந்தது. அதற்கு முந்தையது. அதற்கும் முந்தையது. அவள் விரல்கள் மடியில் இருந்தன. வரி முழுக்கத் துடைக்கப்பட்டதும் அதே இடத்தில் வேறொன்று வந்தது.

# உள்ள வந்து கதவைப் பூட்டிக்கோ.

தம்பி அதை அக்காவின் பேச்சென்றுதான் நினைப்பான். அக்கா சொன்னால் மறுபேச்சு பேசமாட்டான், பாவி. அவள் வேறு வழியாக சர்வருக்குள் நுழையப் பார்த்தாள். கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி. தவறு. இயந்திரத்தையே அணைத்துவிடலாம் என்று கட்டளையைத் தட்டினாள். பாதி தட்டுமுன் அழிந்தது. இருக்கும் இந்த இணைப்பையும் துண்டித்தால் தம்பியோடு பேச வேறு வழியே கிடையாது.

மின்விசிறி சுழன்றது. மழை பெய்தது. திரையில் ஓர் எழுத்து. நின்றது. இரண்டு எழுத்து. ஒன்று அழிந்தது. திரும்ப வந்தது.

தம்பி. தம்பியேதான்.

# வந்துட்டேன்க்கா. பூட்டிட்டேன். ஏன் லைட் எரியல?

# ஓடு

அழிந்தது.

# ஓ

அழிந்தது. அவள் அழுதுகொண்டே தட்டினாள். எதுவும் நிற்கவில்லை. அந்த ஒற்றை விரல் மறுபடி தடுமாறித் தடுமாறி எழுதியது.

# பக்கத்துல நிக்கிறவரு பேசவே மாட்டேங்கிறாரு. நீ அனுப்பின ஆளாக்கா?

அவள் விசைப்பலகையை இரண்டு கைகளாலும் அறைந்தாள். திரையில் ஒன்றுமே விழவில்லை. பிறகு, பிசகில்லாமல், ஒரே சீராக, அவள் தம்பியைக் கூப்பிடுகிற அதே செல்லத்தோடு, பதில் வந்தது.

# ஆமாடா. நான்தான் அனுப்பினேன்.