நிழலில் பார்த்த பாந்தர்

திடீரென்று மலைச்சரிவு முழுக்கத் தகரம் அடிக்கும் சத்தம் கிளம்பியது. பட்டப்பகலில் தகரம் அடித்தால் ஜவ்வாது மலையில் ஒரே அர்த்தம்தான். மிருகம் வந்திருக்கிறது.

1979, பங்குனி மாதம். பகல் பதினொன்றரை மணி. காட்டிலாகா விடுதி வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் கோபால்சாமி நிமிர்ந்தார். காவலாள் ராஜாக்கண்ணு அப்போதுதான் பின்னறையிலிருந்து ஒரு தோலைக் கொண்டுவந்து பாறைமேல் விரித்திருந்தான். வேட்டைக்காரன் ஒருவனிடம் பறிமுதல் செய்த கருஞ்சிறுத்தைத் தோல். பூச்சி அரிக்காமலிருக்க அவ்வப்போது வெயில் காட்டுவார்கள். மற்ற நாளெல்லாம், வியாபாரிகள் போட்டுவைக்கும் புளி மூட்டைகளுக்கு மேலே அது ஆணியில் தொங்கும். அறைக்குள் கரிமூட்டை போலிருந்தது வெயிலில் வேறு மாதிரி இருக்கிறதே என்று அவர் குனிந்து பார்த்த நேரத்தில்தான் இந்தச் சத்தம்.

கூப்பிடு தூரத்தில் இருந்த புளியந்தோப்புக்கு ஓடினார்.

தோப்பின் சொந்தக்காரன் தீர்த்தகிரி குப்புறக் கிடந்தான். உயிர் இல்லை. பிடரியில் ஆழமாக ஒரு காயம். அவர் வந்து சேர்வதற்குள் ஊரார் காலிலிருந்து இடுப்புவரை கல் அடுக்கிவிட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி அவன் மனைவி மாதம்மாள் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். அவளை யாரும் நெருங்க விடவில்லை.

"கல்லை நிறுத்துங்க," என்றார் கோபால்சாமி.

"மிருகம் அடிச்ச ஒடம்புங்க," என்றார் ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரம். "ஊருக்குள்ள எடுத்தாரக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது. வுழுந்த எடத்துலயே கல்லு மூடிடணும். மூடின கல்லை அப்புறம் எவனும் தொடமாட்டான். எங்க ஊரு வழக்கம்."

"என் கையால ஒரு சொம்பு தண்ணி ஊத்தாம எப்படிங்க அனுப்பறது?" மாதம்மாள் அழவில்லை. "மிருகம்தான்னு நீங்க எழுதிட்டா அவரு வூட்டுக்கு வரமாட்டாரு சார். பார்த்து எழுதுங்க."

பார்த்த சாட்சி ஒருவர்தான். தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒடுகத்தூர்ப் புளி வியாபாரி கண்ணாயிரம். கையில் புளி உலுக்கும் துரட்டிக் கொம்பு. நுனியில் அருவாளைக் காணோம்.

"இன்னா நடந்தது?"

"நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம் சார். அதோ, அந்தப் பாறை மேல வந்து நின்னுச்சு. பத்தடிதான் இருக்கும். ஒரே பாய்ச்சல்."

"வெயிலா, நிழலா?"

"நல்ல வெயில். இதே வெயில்தான்."

"அப்போ சிறுத்தைன்னு எழுதிக்கறேன்."

"சிறுத்தைன்னு எழுதிடாதீங்க சார். அதுக்குப் புள்ளி இருக்கும். இது பாந்தர், வேற சாதி. தலையிலருந்து வாலு வரைக்கும் அட்டக்கரி. ஒரு புள்ளி கிடையாது."

"முன்னே எப்பவாவது பார்த்திருக்கீங்களா? தோலாவது?"

"ஒடுகத்தூர் கடைத்தெருவுல பாந்தர் தோலை எங்க சார் பார்க்கிறது? இன்னிக்கித்தான்."

"அருவாள்?"

"ஓடி வர்றப்ப எங்கயோ கழண்டு வுழுந்துடுச்சு."

"முதல் கல்லை வச்சது யாரு?"

பஞ்சாட்சரம் பதில் சொன்னார். "நாங்க வந்து சேர்றதுக்குள்ளயே அவரே கால் பக்கம் மூடிட்டாருங்க. அடிவாரத்து ஆளா இருந்தாலும் எங்க வழக்கம் தெரிஞ்சவரு."

கோபால்சாமி மாதம்மாளிடம் திரும்பினார். "நேத்து உன் வீட்டுக்காரர் ஏதாச்சும் சொன்னாராம்மா?"

"தோப்புக்குப் பின்னால யாரோ சந்தன மரம் வெட்டியிருக்காங்க, அடிக்கட்டை ஈரங்கூடக் காயலைன்னாரு. ரேஞ்சர் ஆபீசுல போய்ச் சொல்றேன்னாரு."

கண்ணாயிரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோபால்சாமி குனிந்து பிடரிக் காயத்தை இன்னொரு தரம் பார்த்தார். மிருகத்தின் தலையில் பழியைப் போடுவது சுலபம். அது ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்காது. தான் ஒரு வரி எழுதினால் நாளைக்குத் துப்பாக்கி வரும், எங்கோ ஒரு புதரில் ஏதோ ஒரு சிறுத்தை சாகும். இவளுடைய புருஷன் ஊருக்கு வெளியே கல்லுக்கடியில் கிடப்பான்.

பின்னாலேயே ஓடி வந்திருந்த ராஜாக்கண்ணுவிடம் தோலைக் கொண்டுவரச் சொன்னார். அடர்ந்த புளிய மரத்தடியில் அதை விரித்தார்கள்.

"இது மாதிரியா?"

"இதேதான் சார். அட்டக்கரி."

கோபால்சாமி தோலைப் பிடித்து இழுத்துப் பாறைமேல், வெயிலில் போட்டார். கூட்டம் குனிந்தது. கறுப்புப் பட்டுப்புடவையைச் சாய்த்துப் பிடித்தால் உள்நெசவுப் பூ தெரியுமே, அதுபோலக் கறுப்புக்குள்ளிருந்து கறுப்பாகவே வட்டம் வட்டமாகப் புள்ளிகள் எழுந்தன.

"அட, நம்ம சிறுத்தைதான் இது," என்றார் பஞ்சாட்சரம்.

"அதேதான். பாந்தர்னு தனி சாதி கிடையாது. நம்ம காட்டுல அது சிறுத்தைக்கே இன்னொரு பேரு. ஒரே ஈத்துல ஒரு குட்டி மஞ்சளாவும் ஒண்ணு கறுப்பாவும் பொறக்கும். கறுப்பு ஏறினாலும் புள்ளி போகாது. நிழல்ல ஒளிஞ்சுக்கும், வெயில் பட்டா காட்டிக்கொடுத்துடும்." கண்ணாயிரத்தைப் பார்த்தார். "பத்தடியில, இதே வெயில்ல பார்த்தவர் புள்ளியே இல்லைங்கிறீங்க. நீங்க பார்த்தது உங்க புளி மூட்டைக்கு மேலே இருட்டுல தொங்கின இந்தத் தோல். சிறுத்தை அடிச்சா பல் பதிஞ்சிருக்கும். இங்கே ஒரே வெட்டு. நீங்க சந்தன மரம் வெட்டினது தீர்த்தகிரிக்குத் தெரிஞ்சுபோச்சு. எவனும் கலைக்காத கல்லுக்கடியில எதை வச்சாலும் பத்திரம்னு உங்களுக்குத் தெரியும்."

கால் பக்கத்துக் கல்லை எடுக்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

மாதம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். அவளே முதல் கல்லைப் புரட்டினாள். அடுத்ததையும் புரட்டினாள். அதனடியில் அருவாள் கிடந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை.

பஞ்சாட்சரம் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "கட்டில் எடுத்தாங்கடா. தீர்த்தகிரி வூட்டுக்குப் போறான்."

கையில் விலங்கு ஏறும்போதும் கண்ணாயிரத்தின் பார்வை பாறைமேல் கிடந்த தோலை விட்டு நகரவில்லை. யாரும் கேட்காமலே முணுமுணுத்தார்.

"அந்தப் பின்னறையில ஜன்னலே கிடையாதுங்களே, சார்."