இழை வெட்டாத அச்சு

கண்ணில் பட்ட பழம்பொருளையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து அழகு பார்க்காவிட்டால் காவேரிக்குச் சோறு இறங்காது. உடைந்த ஜாடி அவள் கையில் விளக்காகும், வண்டிச் சக்கரம் மேசையாகும். அப்படிப்பட்டவளுக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பழைய நெசவு வீடு வாடகைக்குக் கிடைத்தால் கேட்கவா வேண்டும். சாமான் இறக்கிய கையோடு, கூடத்தில் வெறுமனே கிடந்த, நெய்கிறவர் கால் இறக்கி உட்காரும் தறிக்குழிக்குள் மெத்தையும் திண்டும் போட்டு, மகள் அபி உட்கார்ந்து படிக்க இடமாக்கிவிட்டாள்.

பரணில் ஓர் அச்சு கிடைத்தது. நெய்த இழையை அடித்து நெருக்குகிற சட்டம் அது. பெரிய சீப்பு மாதிரி வரிசையாக இரும்புப் பற்கள். தறியில் நீளவாக்கில் ஓடிய பழைய பாவின் அரக்கு நிற இழைகள் அதில் அறுந்தபடி தொங்கின. துடைத்துக் குழிக்கு நேர் மேலே சுவரில் மாட்டினாள்.

"சூப்பரா இருக்குது," என்றான் கணவன் தினகரன்.

வீடு பார்க்க வந்த எதிர்வீட்டுத் தையல்நாயகி அதைக் கண்டதும் நிலைவாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இழைய மொதல்ல வெட்டிடும்மா," என்றாள் தாழ்ந்த குரலில். "அச்சு தறிய விட்டு இறங்குனா இழைய வெட்டிடணும். இழையோட வெச்சிக்கினு இருந்தா, அடுத்த பாவு பிணைக்க வான்னு ஆளக் கூப்புடுறதா அர்த்தம்."

காவேரியும் நெசவு வீட்டில் பிறந்தவள்தான். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். அந்தப் பிணைக்கிற வேலை அவளுக்குத் தெரியாததா?

"யாருக்கா வரப்போறாங்க?"

"சம்பூர்ணம். இந்தக் குழிலதான் பிணைச்சிக்கினு இருந்தா. அவ புருஷன் இந்த அச்சாலயே அடிச்சுக் கொன்னான். வேலை பாதியில நின்னுபோச்சு."

காவேரி அச்சைக் கழற்றக் கை நீட்டினாள். ஆனால் மறுநாள் வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள். தொங்குகிற இழைதானே அதற்கு அழகு. "படம் எடுத்துட்டு வெட்டிடறேங்கா," என்று சொல்லி அனுப்பிவைத்தாள். பாழாய்ப்போன அழகு!

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. அபி குழிக்குள் மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் இருந்த காவேரிக்குக் கூடத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. நனைந்த பட்டும் புளித்த கஞ்சியும் கலந்த வாசனை. அதன் பின்னால் ஒரு சத்தம், காய்ந்த விரல்கள் இரண்டு ஒன்றோடொன்று உரசுவது போல.

"மம்மி."

"என்னடி?"

"யாரோ எனக்குத் தலை பின்றாங்க."

காவேரி எட்டிப் பார்த்தாள்.

அபியின் கூந்தல் மேலே எழும்பி நின்றது. ஒவ்வொரு முடியாக, அச்சில் தொங்கிய இழையோடு முறுக்கிச் சேர்ந்துகொண்டே வந்தது. முறுக்குகிற விரல் தெரியவில்லை. சாம்பல் மட்டும் குழந்தையின் முகத்தில் உதிர்ந்தது.

பாதித் தலை முடிந்திருந்தது.

காவேரி அலறிய அலறலில் தினகரன் ஓடிவந்தான். ஒரே எட்டில் குழிக்குள் இறங்கி அச்சைப் பிடித்து இழுத்தான். ஆணி பெயர்ந்து வந்தது. வந்த அச்சு அவன் பிடியில் நிற்கவில்லை.

டக்.

அவன் மூக்கு உடைந்தது.

டக். டக்.

தறியில் அடிக்கிற அதே நிதானமான அடி. உதடு கிழிந்து பல் தெறித்தது. இரும்புப் பற்கள் கன்னத்தில் இறங்கி, சதையோடு வெளியே வந்தன. ஒவ்வோர் அடிக்கும் அபியின் தலை வெடுக்கென்று இழுபட்டது. குழந்தையின் கழுத்து முறிந்துவிடும் என்று காவேரிக்குத் தெரிந்துவிட்டது.

"புள்ளைய எடு..." என்றான் தினகரன்.

அடுத்த அடிக்குப் பிறகு பேச அவனுக்கு வாய் இல்லை.

காவேரி அடுப்படிக் கத்தியை எடுத்து மகளின் முடியைக் கொத்துக் கொத்தாக அறுத்தாள். முடியோடு தோலும் போனது. போகட்டும், உயிர் இருந்தால் போதும். ரத்தம் வழுக்கும் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மழையில் தெருவுக்கு ஓடினாள். கூடத்தில் அடி நிற்கவேயில்லை.

தினகரனை முகத்தை மூடித்தான் எடுத்துப் போனார்கள். அச்சைத் தெருக்காரர்கள் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். எரிந்து கரியானதைத் தையல்நாயகியே ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாள். அபி பிழைத்துவிட்டாள் என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் காவேரிக்கு அழுகையே வந்தது. அழுது ஓய்ந்து, மகளின் கட்டில் ஓரத்தில் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது வார்டு முழுக்கக் காலை வெயில். எழுந்திருக்கப் பார்த்தாள். உச்சந்தலை சுரீர் என்று இழுத்தது. தலையைத் தூக்க முடியவில்லை.

காதருகே ஏதோ உரசியது.

கண்ணை மட்டும் மேலே திருப்பினாள். அபி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தன் தலைக்கட்டுத் துணியிலிருந்து ஒரு நூலைப் பிரித்து, அம்மாவின் முடி ஒன்றோடு சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிஞ்சு விரல் நுனியெல்லாம் சாம்பல்.

"அபி..."

குழந்தை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"ஆடாத பொண்ணே. இழை அறுந்துடும்."